ஏழு பேர் இருந்தால் ஆட்டம் உண்டு

கால்பந்தில் ஒரு அணிக்குப் பதினோரு பேர் என்பது ஊருக்கே தெரியும். ஏழு பேர் இருந்தாலும் இறங்கி ஆடலாம், ஆறாகக் குறைந்துவிட்டால் அத்தோடு ஆட்டம் முடிந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்று வருஷமாகக் கோல் கம்பங்களுக்கு நடுவில் காவல் நின்ற எனக்கே தெரியாது. கொரோனா வந்துதான் சொல்லிக்கொடுத்தது.

2021 பிப்ரவரி. கள்ளக்குறிச்சியில் எங்கள் கல்லூரியை மறுபடி திறந்த வாரம். விளையாட்டு ஆசிரியர் பிரிட்டோ சார் பெண்கள் கால்பந்து அணியை மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தார். அதை மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு வருஷமாக யாரும் மிதிக்காததில் நெருஞ்சி முள் படர்ந்து கிடந்தது. கோல் கம்பத்தில் யாரோ மாட்டைக் கட்டியிருந்தார்கள். நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பசு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கோலை முழுசாக மறைத்துக்கொண்டு, என்னைவிட நன்றாகவே நின்றது.

"மார்ச்ல உளுந்தூர்பேட்டையில டோர்னமென்ட் வெச்சிருக்காங்க. யுனிவர்சிட்டி டீமுக்கு அங்கதான் ஆள் எடுக்கறாங்க," என்றார் சார். "வர்றதும் வராததும் உங்க இஷ்டம்மா. நோய் இன்னும் போகல. வரலன்னு சொன்னா ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். வர்றவங்க மட்டும் கை தூக்குங்க."

எனக்கு அது கடைசி வருஷம். முந்தின வருஷம் அணித் தேர்வுக்குப் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோதுதான் ஊரடங்கு வந்து எல்லாம் நின்றுபோனது. பல்கலைக்கழக அணியின் கோல்கீப்பர் சட்டையை ஒரே ஒரு தடவை போட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்று அடக்கமாகச் சொல்கிறேன். வெறி.

கேட்க மாட்டேன் என்று சார் சொன்னாலும், ஒவ்வொருத்தியும் தானாகவே காரணம் சொன்னாள். எங்களுக்குக் கோல் அடித்துத் தருகிற கோகிலவாணி முதலில் எழுந்தாள். "அக்கா முழுகாம இருக்குது சார். எங்க வூட்லதான் இருக்குது. நான் எதையாவது வாங்கிக்கினு போய்..." யார் அவளைக் குறை சொல்ல முடியும்? ரெண்டு பேருக்கு ஊரடங்கிலேயே கல்யாணம் ஆகியிருந்தது, செலவு கம்மி என்று பெற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். ஒருத்தி திருப்பூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், படிப்புக்கே திரும்பவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து வருகிற ஐந்து பேரும் ஒன்றாகக் கை தூக்கினார்கள். அவர்களில் செந்தமிழ்ச்செல்விதான் எங்கள் கேப்டன். குள்ளமாக, கருப்பாக, பேச்சே இல்லாமல் இருப்பாள். பந்து அவள் காலில் இருந்தால் மட்டும் அவளைப் பிடிக்க முடியாது. அடுத்து மணலூர்பேட்டை நிர்மலா கை தூக்கினாள். ஆறு பேர். சார் என்னைப் பார்த்தார்.

"ஏழு பேர் இருந்தா எறங்கலாம், ரூல் இருக்கு," என்றார். "ஆறுன்னா பேரே குடுக்க முடியாது."

மற்ற ஆறு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகக்கவசத்துக்கு மேலே பன்னிரண்டு கண். எனக்கு எரிச்சலாக வந்தது. கெஞ்சினால் திட்டிவிட்டுப் போய்விடலாம், சும்மா பார்த்தால் என்ன செய்வது?

"நாளைக்குச் சொல்றேன் சார்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் இருக்கிறது. அப்பா சேவியர்ராஜ் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். ஓட்டியவர் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முந்தின ஆகஸ்டில் அவருக்குக் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தார். பிழைக்கமாட்டார் என்று அவர் தம்பிகளே முடிவு கட்டிவிட்டார்கள். பிழைத்தார். ஆனால் டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "நுரையீரல் பாதிதான் ஒழுங்கா வேலை செய்யுது. இன்னொரு வாட்டி வந்தா தாங்கமாட்டாரு," என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அப்பா கட்டிலிலிருந்து வாசல் குழாய்க்குப் போவதற்கு நடுவில் ஒரு தடவை நின்று, சுவரில் கை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போவார். நின்றதை யாரும் பார்க்கவில்லை என்று அவருக்கு நினைப்பு. சுவரில் கை வைக்கிற இடத்தில் சுண்ணாம்பே போய்விட்டது.

அம்மா தெரசா அங்கன்வாடி டீச்சர். அன்றைக்குச் சாயங்காலம் அவள் அரிசி களையும்போது விஷயத்தைச் சொன்னேன். அவள் களைவதை நிறுத்தவில்லை.

"உனக்கு பந்து பெருசா, அப்பன் பெருசா?"

"ரெண்டும்தாம்மா."

"வாயப் பாரு. அந்தாளு மூச்சு வாங்கறது உன் காதுல வுழுவுதா இல்லையா? நாலு ஊர்ப் பொண்ணுங்களோட உருண்டு பொரண்டுட்டு வந்து இவருகிட்ட நிப்பியா? போ. நல்லா போ. போனா இந்த வூட்டுப் படிய மிதிக்காத."

"இன்னாத்துக்கு பாப்பாவ திட்டிக்கினு இருக்கற?" என்று உள்ளேயிருந்து அப்பா சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அந்த இருமலே அம்மா பக்கம் பேசியது.

எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது, அதுதான் கஷ்டம். நான் போனால் அப்பாவுக்கு ஆபத்து. போகாவிட்டால் எனக்கும் மற்ற ஆறு பேருக்கும் ஆட்டமே இல்லை. இதில் நான் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு தரப்பு என்னை வாழ்நாளெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கும்.

காலையில் பல் விளக்கும்போதுதான் அம்மா சொன்னதில் தப்பே இல்லை என்று உறைத்தது. படியை மிதிக்கக் கூடாது. அவ்வளவுதானே? பயிற்சி தொடங்குகிற அன்றைக்கே வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். ஆடி முடித்த பிறகும், உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிகிறவரை திரும்பக் கூடாது. நான் வீட்டுக்கே வராவிட்டால் நோய் எந்தக் காலில் வரும்? அம்மா கோபத்தில் எனக்கு வழியைச் சொல்லியிருந்தாள். எங்கே போய் இருப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. கல்லூரி ஹாஸ்டலில் கொரோனாக் கட்டில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு மைதானத்தில் செந்தமிழ்ச்செல்வியைப் பிடித்துக் கேட்டேன். "நீங்க அஞ்சு பேரும் இன்னா தைரியத்துல கை தூக்கனீங்க? உங்க வூட்ல வயசானவங்களே இல்லையா?"

"இருக்காங்க. அதுக்குத்தான் குடிசை இருக்குதே," என்றாள்.

அப்புறம்தான் விளக்கினாள். அவர்கள் ஊர் வெள்ளிமலைக்கு மேலே. அங்கேயிருந்து கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகிறவர்கள் ஜாஸ்தி. நோய் வந்த புதிதில் அவர்கள் திரும்பி வந்தபோது ஊர் கூடி ஒரு ஏற்பாடு செய்தது. வெளியே போய் வந்தவர் யாராக இருந்தாலும் நேராக ஊருக்குள் வரக் கூடாது. மரவள்ளிக் கொல்லையில் பன்றிக் காவலுக்குப் போட்ட குடிசைகளில் தங்க வேண்டும். சோறு வேலியோரம் வரும். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊர் எல்லையைத் தாண்டலாம்.

"எங்கப்பாவே அங்க இருந்துட்டுதான் வந்தாரு. காலேஜும் வெளியூருதான், ஆட்டத்துக்குப் போனா நீங்களும் அங்கதான்னு சொல்லிட்டாரு. ஏழு பேருக்கு எடம் இருக்குது. ஆடறதுக்கும் எடம் இருக்குது," என்றாள் செந்தமிழ்ச்செல்வி. மூன்று வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சாரிடம் போய்க் கை தூக்கினேன்.

வீட்டை விட்டுக் கிளம்பியபோது அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் பையைத் தூக்கிப் பார்த்தால் கனமாக இருந்தது. நான் வைக்காத போர்வையும் ஜெபமாலையும் ஊறுகாய் பாட்டிலும் உள்ளே இருந்தன. அப்பா வாசல்வரை வந்தார். "தோத்துட்டு வந்து மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்காத பாப்பா. எனக்கு அதப் பாக்கற தெம்பு இல்ல," என்றார். இது எங்கள் வீட்டில் வாழ்த்துச் சொல்கிற முறை.

மலைமேல் இருந்த அந்த மைதானத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் இறக்கம். இறக்கத்துப் பக்கம் கோட்டைத் தாண்டினால் சரிவு, அதன் கீழே புதர், அதற்கும் கீழே ஓடை. கோல் கம்பத்துக்குச் சவுக்குக் கழி. அங்கே ஒரே ஒரு சட்டம்தான், நடுவர் தேவையில்லாத சட்டம்: பந்தை யார் சரிவில் விடுகிறார்களோ அவர்களே போய் எடுத்து வர வேண்டும்.

முதல் நாள் நிர்மலா பழக்கதோஷத்தில் பந்தை ஓங்கித் தூக்கி அடித்தாள். அழகாகப் பறந்தது. அழகாகவே சரிவில் போய் மறைந்தது. அவள் முள் கீறலோடு பந்தைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தபோது நாங்கள் டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தோம். அடுத்தது என் முறை. கோல்கீப்பர் என்றால் பந்தை எட்டி உதைத்து அந்தக் கோடிக்கு அனுப்புவதுதானே பெருமை? உதைத்தேன். ஓடை வரைக்கும் போய் எடுத்து வந்தேன். அதற்குப் பிறகு பந்தைக் கையால் உருட்டி, பக்கத்தில் நிற்கிறவள் காலுக்குத்தான் கொடுத்தேன்.

மூன்று வருஷமாகப் பிரிட்டோ சார் இந்த ஐந்து பேரைப் பார்த்துத் தொண்டை வறளக் கத்தியதற்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் விளங்கியது. "தூக்கி அடிம்மா! கோகிலவாணி முன்னால நிக்கறா பாரு, தூக்கி அடி!" என்பார். அவர்கள் தூக்கவே மாட்டார்கள். தரையோடு தரையாகப் பக்கத்தில் இருப்பவளுக்குத் தட்டுவார்கள், அவள் இன்னொருத்திக்குத் தட்டுவாள். பயம் என்றார் சார். பலம் போதவில்லை என்றேன் நான். ரெண்டும் இல்லை. நடக்கப் பழகின வயதிலிருந்து இந்தச் சரிவு அவர்களுக்குப் பந்தைத் தூக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சமவெளிக்கு வந்தும் அந்தக் கால்கள் அதை மறக்கவில்லை.

இப்போது தூக்கி அடித்தாலும் வாங்குவதற்குக் கோகிலவாணி இல்லை. ஆகவே நானும் நிர்மலாவும்தான் மலைக்காரிகளாக மாறினோம். காலையில் ஆடுவோம், வெயில் ஏறினால் குடிசை நிழலில் படிப்போம், சாயங்காலம் மறுபடி ஆடுவோம். செந்தமிழ்ச்செல்வியின் அப்பா அம்மாசி வேலிக்கு அந்தப் பக்கம் களியும் கீரைக் குழம்பும் வைத்துவிட்டு, "பொண்ணுங்களா, சோறு," என்று குரல் கொடுப்பார். தூரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்து நாங்கள் ஆடுவதைப் பார்ப்பார். பந்து சரிவில் போனால் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பார். மாசம் முடிவதற்குள் அவருக்குச் சிரிக்க வாய்ப்பே இல்லாமல் செய்துவிட்டோம்.

ஆட்டத்துக்கு முன்னால் ஏழு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டுச் சோதனை செய்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. கல்லூரி வேன் மலைக்கே வந்து எங்களை ஏற்றிக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குப் போனது.

அங்கே நான்கே கல்லூரிகள்தான் வந்திருந்தன. எங்களோடு மோத வேண்டிய அணியில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று அவர்கள் காலையிலேயே திரும்பிவிட்டார்கள். ஒரு பந்தையும் தொடாமல் நாங்கள் இறுதி ஆட்டத்தில் இருந்தோம். எதிரே கடலூர்ப் பக்கத்துக் கல்லூரி. பதினோரு பேர் முழுசாக, மாற்று ஆட்டக்காரிகள் வேறு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நடந்து உள்ளே போனதும் அவர்களில் ஒருத்தி, "மீதிப் பேரு பஸ்ல வர்றாங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நடுவர் எங்களை இரண்டு முறை எண்ணிவிட்டு விசில் அடித்தார்.

என் இடத்திலிருந்து பார்த்தால் எனக்கு எல்லோருடைய முதுகும் தெரியும். அன்றைக்கு ஆறு முதுகுதான் தெரிந்தது. மீதி எல்லாம் வெறும் புல். அவ்வளவு பெரிய வெறுமையை நான் எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை. முதல் கால் மணி நேரத்தில் எத்தனை பந்தைப் பிடித்தேன் என்று தெரியாது. நெஞ்சால், முழங்காலால், ஒரு தடவை தாடையால் தடுத்தேன். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்தக் கம்பத்துக்கு முத்தம் கொடுத்தேன்.

பிறகு மெல்ல மெல்ல அது நடக்கத் தொடங்கியது. நான் பந்தை உருட்டினேன். நிர்மலா வாங்கித் தட்டினாள். அவளிடமிருந்து செந்தமிழ்ச்செல்வி, அவளிடமிருந்து இன்னொரு மலைக்காரி பூங்கொடி, மறுபடி நிர்மலா. பந்து ஒரு சாண்கூட எழும்பவில்லை. எதிரணியில் மூன்று பேர் துரத்தினால் மூன்று பேர் நடுவிலும் ஒரு சந்து இருந்தது. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்ற கால்கள் அவர்களுடையவை. துரத்தித் துரத்தி இடைவேளைக்குள் அவர்கள் இடுப்பில் கை வைத்துக் குனிந்துவிட்டார்கள். எங்கள் மலைக்காரிகளுக்குச் சமதளம் என்றால் சும்மா நடந்து போகிற மாதிரி. கோல் ஒன்றும் விழவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் கெட்ட நேரம் வந்தது. பூங்கொடி கால் மடங்கி விழுந்தாள். செந்தமிழ்ச்செல்வியின் சித்தப்பா மகள் அவள். கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. நடுவர் குனிந்து, "வெளிய போறியாம்மா?" என்று கேட்டார்.

வெளியே போனால் ஆறு. ஆறு என்றால் ஆட்டம் முடிந்தது. மலையும் குடிசையும் அம்மாவின் பேசாத முகமும் எல்லாம் சேர்ந்து ஒரு கணுக்காலில் வந்து நின்றுவிட்டது. என் இடத்தைவிட்டு ஓடினேன்.

செந்தமிழ்ச்செல்வி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓட வேணாம். நடக்கவும் வேணாம். நின்னா போதும். நிப்பியா?" என்று கேட்டாள்.

"எங்க நிக்கறது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டாள் பூங்கொடி.

"அவங்க கோலாண்ட போய் நில்லு. அங்கதான் யாரும் வந்து இடிக்கமாட்டாங்க."

பூங்கொடி நொண்டி நொண்டிப் போய் எதிரணிக் கோலுக்குப் பக்கவாட்டில் நின்றாள். முதலில் ஒரு தடுப்பாட்டக்காரி அவள் கூடவே நின்றாள். ஒற்றைக்காலில் நிற்கிறவளுக்குக் காவல் எதற்கு என்று கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டாள். அப்புறம் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நாங்களும் மறந்துவிட்டோம்.

முடிவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவர்கள் அடித்த பந்தைத் தாவிப் பிடித்தேன். எழுந்ததும் பார்த்தேன், அவர்களில் பாதிப் பேர் என் பக்கத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். உடனே உருட்டினேன். நிர்மலா தட்டினாள், செந்தமிழ்ச்செல்வி வாங்கினாள், ஓரமாகவே ஓடினாள். கோல் கோடுவரை போய்விட்டாள். அங்கிருந்து கோலுக்குள் அடிக்க இடமில்லை. யாராக இருந்தாலும் தூக்கித்தான் அடித்திருப்பார்கள். அவள் தூக்கவில்லை. தரையோடு பின்பக்கமாகத் தட்டிவிட்டாள். பந்து பின்னோக்கிப் போனதால் யாருக்கும் ஆஃப்சைடும் இல்லை. இரண்டு பேர் கால்களுக்கு நடுவில் புகுந்து உருண்டு உருண்டு அது பூங்கொடியிடம் போனது.

நல்ல காலை ஊன்றி வீங்கின காலால் தள்ளினாளா, வீங்கின காலை ஊன்றி நல்ல காலால் தள்ளினாளா என்று எங்களுக்குள் இன்றைக்கும் சண்டை. அவளுக்கே தெரியாது. பந்து கோலுக்குள் போனதும் அவள் தொப்பென்று கீழே உட்கார்ந்தாள், "எழுந்திருடி, எழுந்திரு, உக்காந்தா ஆறுன்னுடப் போறாங்க," என்று நான் இந்தக் கோடியிலிருந்து கத்தினேன்.

மீதி நேரம் முழுவதும் எனக்குத்தான் வேலை. கடைசிப் பந்தை விரல் நுனியால் மேலே தள்ளிவிட்டேன். விசில் அடித்தது. அதற்குப் பிறகு யார் மேல் யார் விழுந்தோம் என்று தெரியவில்லை. எதிரணிப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டார்கள். மீதிப் பேர் பஸ்ஸிலா என்று கேட்டவளே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரே தண்ணி பாட்டில் பத்து வாய்க்குப் போய் வந்தது. பிரிட்டோ சார், "தூக்கி அடி தூக்கி அடின்னு மூணு வருஷம் கத்துனேனே, என்னைய இன்னா பண்றது?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு அலைந்தார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. ஏழு பேர், ஒரு கோல், ஒரு கப்பு.

வேன் கள்ளக்குறிச்சியைத் தாண்டிக் கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பியது. மலைக்குப் போக எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். சார் ஃபோன் செய்து சொல்லிவிட்டிருந்தார். ஊர் நிறுத்தத்தில் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார், கோயிலுக்குப் போகிற சட்டை. பக்கத்தில் அம்மா நின்றாள். வேனைப் பார்த்ததும் அப்பா எழுந்தார்.

டிரைவர் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். "எறங்குடி, அஞ்சு நிமிஷம் குடுத்துட்டு வா," என்று நிர்மலா கப்பைத் தூக்கி என் மடியில் வைத்தாள். என் கை கதவுப் பிடியில் இருந்தது. அப்பா சிரிப்பதை முகக்கவசத்துக்கு மேலேயே பார்க்க முடிந்தது. அவருடைய கையில் அந்தக் கப்பைக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தானே எல்லாம்?

அப்போதுதான் மூக்குக்கு நேரே மூக்கு வைத்து என்னைக் கட்டிக்கொண்டு அழுத பெண் ஞாபகத்துக்கு வந்தாள். பாட்டில் போய் வந்த வாய்கள் ஞாபகத்துக்கு வந்தன. நான் போகும்போது சுத்தமாகப் போனவள். இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

"அண்ணே, நிறுத்தாதீங்க. மெதுவா போங்க, போதும்," என்றேன்.

ஜன்னல் வழியாக உடம்பைப் பாதி வெளியே விட்டுக் கப்பைத் தூக்கிப் பிடித்தேன். அப்பா நாலு எட்டு வேன் கூடவே நடந்தார். அப்புறம் மூச்சு வாங்கி நின்றார். கை மட்டும் தூக்கியபடி இருந்தது. அம்மா எதுவும் செய்யவில்லை. வேன் போகிற திசையையே பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பா ஃபோன் செய்தார். "அஞ்சு நிமிஷம் எறங்கியிருந்தா இன்னா பாப்பா? தூரத்துலயே நின்னிருப்பன்," என்றார். கோபம் இல்லை, வருத்தம். அதற்குக் கோபமே தேவலை. மலை வளைவுகள் முழுக்கக் கப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஜெயித்துவிட்டு அப்படி அழுதவள் நானாகத்தான் இருப்பேன்.

மறுபடி குடிசை. வேலியோரம் சோறு. அம்மாசி தூரத்துப் பாறையிலிருந்தே கப்பைப் பார்த்துவிட்டு, "இதுல எவ்ளோ சாராயம் புடிக்கும்?" என்று கேட்டார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் என் கையுறைகளை வெயிலில் காயப்போட எடுத்தேன். கோல்கீப்பர் கையுறை எப்படி நாறும் என்று ஆடினவர்களுக்குத் தெரியும். என்னுடையதை நிர்மலா குடிசைக்குள்ளேயே விடமாட்டாள். அன்றைக்கு அதில் ஒரு வாடையும் இல்லை. மூக்கில் வைத்து அழுத்தி மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஊறுகாய் பாட்டிலைத் திறந்து மோந்தேன். அதிலும் இல்லை. வேலியோரம் போய் அம்மாசியைக் கூப்பிட்டு, நர்ஸை வரச் சொல்லுங்கள் என்றேன்.

சுகாதார நர்ஸ் வந்து எல்லோருக்கும் சோதனை எடுத்துப் போனார். எனக்கும் நிர்மலாவுக்கும் நோய் இருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் இல்லை. எங்கள் இருவரையும் கடைசிக் குடிசைக்கு மாற்றினார்கள். எனக்கு லேசான காய்ச்சல், நிர்மலாவுக்கு அதுவும் இல்லை. ஊருக்குள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே நாள் மத்தியானம் பிரிட்டோ சார் ஃபோன் செய்தார். பல்கலைக்கழக அணிக்கு எங்களில் மூன்று பேரை எடுத்திருக்கிறார்கள்: செந்தமிழ்ச்செல்வி, பூங்கொடி, நான். நான் கையை ஓங்கிக் குடிசைக் கம்பத்தில் குத்தினேன். கூரையிலிருந்து மண் கொட்டியது. நிர்மலா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பொறாமை துளியும் இல்லை, அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அம்மா எடுத்தாள். தேர்வானதை முதலில் சொன்னேன், நோய் வந்ததை அப்புறம் சொன்னேன்.

"அன்னிக்கு நீ எறங்கியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதாள் அம்மா. எனக்கு விவரம் தெரிந்து அவள் என் எதிரில் அழுதது இல்லை. "நீ வாடி. ஒடம்பு நல்லானதும் நேரா வூட்டுக்கு வா. நான் சொன்னத மனசுல வெச்சிக்காத."

"அப்பாகிட்ட குடும்மா."

அப்பா ஃபோனை வாங்கினார்.

"மூச்சு வாங்குதாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல பாப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கறன். நீதான் ஒடம்ப பாத்துக்கணும்," என்றார். கொஞ்சம் விட்டு, "அன்னிக்கு ஏன் எறங்கலன்னு கேட்டனே," என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

நான் ஃபோனை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கரகரப்பு இருந்தது, ஆனால் தடங்கல் இல்லாமல் வந்தது, போனது, வந்தது. கொல்லைக் குடிசையில் காய்ச்சலோடு உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த மைதானத்திலும் எனக்கு அதைவிடப் பெரிய கைதட்டல் கிடைத்ததில்லை.